பாதிப் புத்தகமும் ஒரு கப் ஐஸும்

வெர்னா ஓயலா ஒரு புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அதைத் தூக்கிப் பார்ப்பாள். வலது உள்ளங்கையில் வைத்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, இரண்டு முறை லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். கனம் என்றால் அது அலமாரிக்கே திரும்பிவிடும். பிடித்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் அதைக் குப்புறக் கவிழ்த்து, நடுப்பக்கத்தைத் தடவிக் கண்டுபிடித்து, முதுகைப் பின்பக்கமாக ஒரு மடக்கு மடக்குவாள். பசை படக்கென்று விடும். அந்த வெடிப்பில் வெண்ணெய் தடவும் கத்தியை விட்டு மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஒரு கதை இரண்டாகிவிடும். அறுந்த முதுகுகளில் நாடா ஒட்டி, முதல் பாதியைத் துணிப்பையில் போட்டு, இரண்டாம் பாதியை ரொட்டி டப்பாவின் மேல் வைப்பாள்.

புத்தகத்தை இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்களிடம் அவள் இடது கையை நீட்டிக் காட்டுவாள். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். வாரத்தில் மூன்று நாள், டயாலிசிஸ் நிலையத்தில், அந்தக் கையில் இரண்டு ஊசி. நான்கு மணி நேரம் அதை அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது ஒரு கை. ஒரு கையால் முழுப் புத்தகத்தைப் பிடித்தால் அது மூடிக்கொள்ளும், அல்லது மூக்கில் விழும். பாதிப் புத்தகம் சொன்னபடி கேட்கும்.

மேல் மிஷிகனில், ஏரிக்கரையில், இரும்புத் தாது ஏற்றும் பழைய துறையைத் தாண்டினால் அந்த நிலையம். வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் கிண்டிக் கொட்டியவள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் அரிசோனாவில், பனி இல்லாத ஊரைப் பார்த்தவன் திரும்பி வருவதில்லை. சர்க்கரை நோய் முதலில் சிறுநீரகத்தைத் தின்றது. பிறகு ஒரு கண்ணில் வாய் வைத்தது. மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் அவள் பெயர் ஏறவே இல்லை. இதயம் தாங்காது என்றார்கள்.

அந்த நிலையத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்தது மருத்துவர்கள் சொன்ன எதுவும் இல்லை, இந்தக் கதைகள்தான். நர்ஸ் ஷானாவிடம் அவள் அதை ஒளிக்கவில்லை. "படிக்க முடியற வரைக்கும் வருவேன். முடியலேன்னா, சும்மா கூரையப் பாத்துக்கிட்டு ரத்தம் சுத்தறதக் கேக்க நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க வெர்னா" என்பாள் ஷானா, ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டியபடி. இரண்டு பேருக்கும் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று தெரியும்.

தேர்வு செய்வதில் வெர்னா கறார். தேவாலயத்தின் நிலவறையில் பெர்னிஸ் லாடூக் நடத்தும் பழைய சாமான் கடைதான் அவளுடைய சந்தை. காதல் கதை என்றால் நாயகன் மரம் வெட்டலாம், குதிரை வளர்க்கலாம், பேக்கரி வைத்திருக்கலாம். மருத்துவனாக மட்டும் இருக்கக் கூடாது. முதல் அத்தியாயத்திலேயே அழகாக இருமுகிற பெண் வந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். கொலைக் கதை என்றால் செத்தவன் யாருக்கும் தேவைப்படாத ஆளாக இருக்க வேண்டும். விஷம் நல்லது, ரத்தம் வேண்டாம். பூனை கடைசி வரை உயிரோடு இருக்க வேண்டும். இதையெல்லாம் அட்டையைப் பார்த்தே மோப்பம் பிடித்துவிடுவாள்.

ஆல்டோ பெட்ரெட்டி பக்கத்து நாற்காலிக்கு வந்தது ஒரு நவம்பரில். தாதுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பெரிய உடம்பு. முதல் வாரம் முழுக்க யாரோடும் பேசவில்லை. இரண்டாவது வாரம் வெர்னாவின் கையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அது, எலி கடிச்ச புத்தகமா?"

"ஆமா. மிச்சத்த உனக்கு வச்சிருக்கு."

"அட்டையில சட்ட இல்லாம ஒருத்தன் நிக்கிறானே, குளிராதா அவனுக்கு?"

"கட்டிப் பிடிச்சுக்க ஆள் இருக்கு. உனக்குத்தான் கம்பளி வேணும்."

எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆல்டோ கம்பளியை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டான். அன்று வெர்னா ஒரு கொலைக் கதையின் இரண்டாம் பாதியில் இருந்தாள். பையில் கிடந்த முதல் பாதியை அவன் மடியில் வீசினாள். "படிக்கத் தெரியும்ல?" என்றாள். புதன்கிழமை அவன் ஊசி போடுவதற்கு முன்னாலேயே கேட்டான்: "அந்தத் தோட்டக்காரன்தானே பண்ணான்? மீதியக் குடு."

பந்தயம் அப்படித்தான் தொடங்கியது. டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். தாகம் நாக்கில் ஒரு பழைய கம்பளம் மாதிரி கிடக்கும். இரண்டு மணி நேரம் ஆனதும் ஷானா ஆளுக்கொரு சின்னக் கப்பில் பொடித்த ஐஸ் கொண்டுவருவாள். அந்தக் கப்பை யாரும் யாருக்கும் தர மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூட யோசிப்பார்கள். வெர்னாவும் ஆல்டோவும் அதைத்தான் பணயம் வைத்தார்கள். முதல் பாதி முடிந்ததும் கொலைகாரன் யார் என்று இருவரும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு மற்றவருடைய ஐஸ். இரண்டு பேரும் தப்பு என்றால் அவரவர் கப் அவரவருக்கு. தோற்றவர் நாக்கை உலர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, வென்றவர் ஒவ்வொரு துண்டாக, சத்தம் வர, கடிக்கலாம். ஷானா பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வாள். அந்த நாள்களில் ஆல்டோ சளைத்தவனில்லை. பாதிக்குப் பாதி அவனும் ஜெயித்தான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் வெர்னாவின் நல்ல கண்ணிலும் ரத்தம் கசிந்தது. எழுத்துகளின் நடுவில் ஒரு சாம்பல் கறை. அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கேயே அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய எழுத்துப் புத்தகங்கள் நூலகத்தில் இருந்தன. கெட்டி அட்டை, செங்கல் கனம், அறுக்கவும் முடியாது. காதில் மாட்டிக் கேட்கும் கதையைத் தந்து பார்த்தார்கள். "அதுல படிக்கற பொம்பள எல்லாரையும் ஒரே மாதிரி கொல்றா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். அன்று நான்கு மணி நேரமும் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷானா தலையணையைச் சரி செய்வதுபோல் இரண்டு முறை வந்து போனாள்.

"மகராணி, அந்தப் பாதிய இப்படிப் போடு" என்றான் ஆல்டோ.

"எதுக்கு?"

"எனக்கு மீதி தெரியணும். உனக்கும் காது இருக்கு."

அவன் படிப்பு தாதுவண்டி தண்டவாளத்தில் போவது மாதிரி. முற்றுப்புள்ளியில் நிற்க மாட்டான். நின்றால் கிளம்ப மாட்டான். காதல் காட்சிகளில் அவன் குரல் இருமலாக மாறும்.

"அவன் அவளோட தோள்ல கைய வச்சு... ம்... மறுநாள் காலையில ரெண்டு பேரும் காப்பி குடிச்சாங்க."

"யோவ்! நடுவுல ஒரு ராத்திரி எங்க போச்சு?"

"பக்கம் ஒட்டிக்கிச்சு."

"ஒட்டல. நீ தாண்டறே. திருப்பு பின்னால!"

"படிங்க ஆல்டோ, நாங்களும் கேக்கறோம்ல" என்று எதிர்வரிசைக் குரல் வரும். காது வரை சிவந்து, ஒவ்வொரு சொல்லாக, கப்பலில் மூட்டை இறக்குவது மாதிரி இறக்கி வைப்பான். வெர்னா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

வெர்னாவுக்குப் படி இறங்கக் கண் தெரியவில்லை. பெர்னிஸ் கடைக்குப் போவதும் இனி ஆல்டோவின் வேலையாயிற்று. முதல் முறை அவன் கொண்டுவந்தது அட்டையில் கலங்கரை விளக்கமும் கல்யாண உடையும் போட்ட ஒரு காதல் கதை. வெர்னா கையில் தூக்கிப் பார்த்து, கனம் சரி என்றாள். கடைசி அத்தியாயத்தில் நாயகன் படகோடு மூழ்கிப்போனான். படித்துக்கொண்டிருந்த ஆல்டோவுக்கே அது தெரியாது. பக்கத்தைத் திருப்பினான், வேறு பக்கம் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் வெர்னா.

"அவ்வளவுதான் போட்டிருக்கு."

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. ஷானா தொலைபேசியில் அழைத்தபோது தூக்கம் வருகிறது என்றாள். திங்கட்கிழமை வந்தபோது கால்கள் தூண் மாதிரி வீங்கி, இரண்டு அடிக்கு ஒரு முறை மூச்சு வாங்க, நாற்காலியில் சரிந்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கி வெகு நேரம் கழித்து, அவள் பக்கம் திரும்பாமலே ஆல்டோ சொன்னான்:

"இனிமே பாத்து எடுக்கறேன்."

"அட்டையப் பாத்தா உனக்கு என்ன தெரியும்?"

"பாத்து எடுக்கறேன்னு சொன்னேன்ல."

அதற்குப் பிறகு அவன் கொண்டுவந்த எதுவும் தவறவில்லை. கல்யாணம் என்றால் கல்யாணம் நடந்தது. பூனைகள் பிழைத்தன. வெர்னா ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. பந்தயத்தில்தான் அவனுக்குச் சனி பிடித்தது. ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. சில வரிகளை, வெளிச்சம் சரியில்லை என்று முணுமுணுத்து, இரண்டு தடவை படிப்பான். "கேட்டியா? சாவி அவ பையில இருந்துச்சாம்." பிறகு அந்தச் சாவிக்காரியை விட்டுவிட்டு, சமையல்காரன் மேல் பந்தயம் கட்டுவான். வெர்னா சாவிக்காரியைச் சொல்வாள். அடுத்த முறை ஷானா ஐஸ் கொண்டுவரும்போது அவன் கப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு உதட்டை நக்கிக்கொள்வான்.

"சத்தம் போட்டுப் படிச்சுப் படிச்சு உனக்கு மூள கலங்கிடுச்சு" என்பாள் அவள், மொறுமொறுவென்று கடித்தபடி.

"கலங்க இருந்தாத்தானே."

மார்ச் மாதம் ஒரு தீவு விடுதிக் கதை நடந்துகொண்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் சூப் குடித்துச் செத்திருந்தார். முதல் பாதி முடிந்தது. வெர்னா, அந்தச் சிரித்த முக விதவைதான் என்றாள். ஆல்டோ படகோட்டி மேல் கட்டினான். இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு, வழுக்குகிற பனியில் காலைத் தேய்த்துத் தேய்த்து வண்டிக்குப் போனான்.

திங்கட்கிழமை பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. துடைத்திருந்தார்கள், மருந்து நெடி அடித்தது.

"ஆல்டோ எங்க?"

"நான் சொல்லக் கூடாது வெர்னா. இங்க சட்டம் அப்படி."

"ஆஸ்பத்திரியிலயா?"

ஷானா இயந்திரத்தின் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தால் அவள் முகம் இப்படி இருக்காது என்று வெர்னாவுக்குத் தெரியும். அங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும். "சரி, விடு" என்றாள்.

புதன்கிழமை அந்த நாற்காலியில் ஒரு புது ஆள் காதில் மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தான். ஷானா தன் சாப்பாட்டு நேரத்தில் ஒரு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு பத்தி படிப்பதற்குள் யாருடைய இயந்திரமோ கத்தும், ஓடுவாள், திரும்பி வந்து எந்த வரி என்று தேடுவாள். நாலு நாள் அப்படிப் போயிற்று.

"போதும்மா. உன் சாண்ட்விச்சத் தின்னு" என்றாள் வெர்னா.

"அந்தத் தீவுக் கதையோட முடிவ வேணும்னா நெட்ல தேடித் தரேன்."

"வேணாம். ஆல்டோ படகோட்டின்னு சொன்னான். அப்ப நிச்சயம் படகோட்டி இல்ல." கொஞ்சம் சிரித்தாள். "நல்ல மனுஷன். ஆனா அவன மாதிரி ஒரு மந்தமான ஆள நான் பாத்ததில்ல. பத்துப் பேர்ல ஒருத்தன் கொலைகாரன்னா மத்த ஒம்பது பேரையும் சரியாப் பிடிப்பான்."

ஏப்ரலில் அவள் சொன்னபடி செய்தாள். மருத்துவர் பேசினார். மகன் அரிசோனாவிலிருந்து வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதான். வெர்னா டயாலிசிஸை நிறுத்தும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இத்தனை வருடம் தொடக் கூடாது என்றிருந்த உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றை முழுதாகத் தின்றாள். பெரிய டம்ளரில் தண்ணீர் வாங்கி, நிறுத்தாமல் குடித்தாள். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு அதிகம் தூங்கினாள். யாரும் எதுவும் படித்துக் காட்டவில்லை; அவளும் கேட்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். ஏரியில் அப்போதுதான் பனிக்கட்டி உடையத் தொடங்கியிருந்தது.

ஜூனில் மகன் வீட்டைக் காலி செய்தபோது, பெட்டி பெட்டியாகக் கிடந்த பாதிப் புத்தகங்களை ஷானா தன் வண்டியில் ஏற்றித் தேவாலயக் கடைக்குக் கொண்டுபோனாள். பெர்னிஸ் ஒன்றைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யாரும் வாங்க மாட்டார்கள், எரிக்கத்தான் வேண்டும் என்றாள். ஆல்டோவின் பேச்சு வந்தது. வியாழக்கிழமை தவறாமல் வருவாராம். ஹீட்டர் பக்கத்தில் ஈர பூட்ஸோடு நின்று, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கடைசிப் பக்கங்களை மட்டும் படிப்பாராம். பத்து எடுத்தால் ஒன்பதைத் திரும்ப வைப்பாராம்.

"நான் சண்டையே போட்டிருக்கேன். கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் என்னய்யா படிக்கப் போறே, வெளிய போன்னு" என்றாள் பெர்னிஸ். "கேக்கவே மாட்டார். கடைசியா எடுத்தது ஏதோ தீவு விடுதிக் கத. 'அந்த விதவதான் சூப்புல கலந்திருக்கா. இத அவ சட்டுனு பிடிச்சுடுவா'ன்னு, தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு மேல ஏறிப் போனார்."