‘கன்ஃப்யூஸ்’ என்று போடு

புனே விமான் நகரில், முதியோர் இல்லம் நடத்தும் ஒரு கம்பெனியில், புகார்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது என் வேலை. ‘எந்நேரமும் டாக்டர் உண்டு’ என்பது எங்கள் விளம்பரம். உண்மையில் டாக்டர் போனில்தான் பேசுவார். விளம்பரத்தை நம்பி வந்த ஒரு டீச்சரம்மாவின் கணவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

அந்தம்மாவின் புகாருக்கு, ‘உங்களை மிஸ்லீட் செய்துவிட்டோம், மன்னியுங்கள்’ என்று பதில் எழுதினேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னார்.

“மிஸ்லீட்னா தப்பு நம்மளது. பிவில்டர்னா திக்குத் தெரியாம விட்டுட்ட மாதிரி இருக்கும். ‘நீங்க கன்ஃப்யூஸ் ஆனதுக்கு வருந்துறோம்’னு போடு. ஆனது அவங்கதானே?”

பக்கத்து சீட்டுக்காரர்கள் “க்யா பாத் ஹை, பிரமாதம் சார்!” என்று கை தட்டினார்கள். நானும் அப்படியே அனுப்பினேன்.

கடிதத்தின் கீழே என் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, அந்தம்மா தமிழிலேயே போன் செய்தார்.

“எனக்கு ஒரு குழப்பமும் இல்லப்பா. நீங்க விளம்பரத்துல போட்டது நல்லாவே புரிஞ்சுது. புரிஞ்சதாலதான் அவரை அங்க கூட்டிட்டு வந்தேன்.”

போனை வைத்துவிட்டார்.

“அந்தம்மா இன்னும் கன்ஃப்யூஸ்டா?” என்று கேட்டார் மேனேஜர்.

“இல்ல சார். இங்க யாருமே கன்ஃப்யூஸ் ஆகல.”

‘கன்ஃப்யூஸ்’ என்ற அந்த வார்த்தையை இன்றும் டைப் அடிக்கிறேன். என் விரலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.