படகின் இடது பக்கம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், டிராம்பே போகும் வழியில் உப்பங்கழி ஓரமாக எங்கள் கம்பெனி ஒரு கிடங்குக்கு அஸ்திவாரம் தோண்டியது. பன்னிரண்டு அடி ஆழத்தில், சேற்றுக்குள், ஒரு பழைய படகு கிடந்தது. ஆணியே இல்லாத படகு. பலகைகளின் ஓரமெல்லாம் துளை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருந்தார்கள். அது எந்தக் காலத்துப் படகு என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு நூற்றாண்டு சொன்னார்கள். சேற்றில் கிடந்தவரை கெட்டியாக இருந்த மரம், வெயில் பட்டதும் பாளம் பாளமாக வெடித்தது. மிஞ்சியதைத் தேவ்நார்ப் பக்கத்து ஜனங்கள் அடுப்பெரிக்க எடுத்துப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது விறகு கிடைப்பதே பெரும்பாடு.

தப்பித்தது ஓவர்சியரின் நோட்டுப் புத்தகம் மட்டும்தான். மனிதர் இரண்டு நாள் சேற்றில் நின்று பலகை பலகையாக அளந்து எழுதி வைத்திருந்தார். அந்த அளவுகளைக் கொண்டு, அடிக்கு ஓர் அங்குலம் என்று சுருக்கி, மரத்தில் ஒரு மாதிரிப் படகு செய்து கண்காட்சியில் வைப்பதென்று கம்பெனியில் முடிவு செய்தார்கள். அதற்கான படம் வரையும் வேலை என்னிடம் வந்தது.

நான் டிராயிங் ஆபீஸில் டிரேசர். மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, மையால் நகல் எடுப்பவள். யுத்தத்தின்போது ஆள் பஞ்சத்தில் என்னையும் சேர்த்து நாலு பெண்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் மூன்று பேருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நான். தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஒரு மராட்டியர். சிரிப்பதற்கும் பர்மிட் வேண்டும் என்பதுபோல் இருப்பார். மற்றவர்களுக்குப் பாலமும் தொட்டியுமாகத் தலைக்கு மேல் வேலை இருந்ததால் என்னைக் கூப்பிட்டு, இதை ஒழுங்காகச் செய்தால் உன் வேலையைப் பற்றி மேலே பேசுகிறேன் என்றார்.

மாதுங்காவில் எங்கள் வீட்டில் அப்பா ஒரு கெடு வைத்திருந்தார்.

"தீபாவளிக்குள்ளே பெர்மனென்ட் ஆகலேன்னா வேலையை விட்டுடு. பாலக்காட்டிலேர்ந்து ஜாதகம் வந்திருக்கு. எத்தனை நாள் பதில் போடாம இருக்கறது?"

ஜாதகத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ரயிலேறி, நாள் முழுக்கப் பேனா பிடித்து, சாயங்காலம் மையேறிய விரலோடு வீடு திரும்புவது எனக்குப் பிடித்திருந்தது. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கிற உத்தேசம் இல்லை. ஆகவே ராப்பகல் அதே நினைப்பாக உட்கார்ந்தேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் பொருளுக்குப் பாதிதான் வரைவோம். நடுவில் ஒரு கோடு கிழித்து, மறுபாதியும் இவ்வாறே என்று எழுதிவிடுவோம். பாலத்துத் தூண், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் பாதிதான். படகுக்கும் பாதி போதும் என்று நினைத்தேன். நோட்டில் முதலில் வலது பக்கத்து அளவுகள், பிறகு இடது பக்கத்து அளவுகள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. இடது பக்கத்தில் துளைக்கும் துளைக்கும் நடுவே இங்கே அரை அங்குலம் கூட, அங்கே முக்கால் அங்குலம் கூட. சேற்றில் டேப் பிடித்த மனுஷன் இரண்டாம் நாள் களைத்துப் போயிருப்பார் என்று நானே தீர்ப்பு எழுதி, இடது பக்கத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டேன். இரு முனையிலும் துளை போட்டுப் பலகைகளோடு தைத்த குறுக்குச் சட்டங்கள் மட்டும் படகின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஓடுவதால், அவற்றைப் பாதியாக்க முடியாமல் நோட்டில் இருந்தபடியே முழுசாக வரைந்தேன். எட்டே நாளில் படம் முடிந்தது. தலைமையாளர் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாதிரியைச் செய்ய ஒப்புக்கொண்டவர் தாராவியில் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலித் தச்சர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். அவருக்கு இந்தி அரைகுறை, ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி, ஆகவே அவரோடு பேசுகிற பொறுப்பும் எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில் பாலத்தைத் தாண்டி நடந்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். மூன்று முழ நீளத்தில் படகு அழகாக எழும்பியிருந்தது. தச்சர் முகம்தான் அழகாக இல்லை.

"அம்மா, நீங்க போட்ட படத்துல கோளாறு இருக்கு. குறுக்குச் சட்டம் அஞ்சும் வலப்பக்கம் உக்காருது. இடப்பக்கம் துளையும் துளையும் சேர மாட்டேங்கு. மூணு தரம் புதுசா அறுத்துட்டேன்."

"நீங்க சட்டத்தைத் தப்பா அறுத்திருப்பேள்."

"நானா? நீங்க போட்ட அளவுல இம்மி பிசகல. இந்தா அளவுகோலு, நீங்களே அளந்து பாருங்க."

அளந்தேன். பிசகவில்லை. ஆத்திரத்தோடு பையிலிருந்த ஓவர்சியரின் நோட்டை எடுத்து, நான் தள்ளிவிட்ட பக்கங்களைத் திறந்தேன். ஒவ்வொரு எண்ணாக நான் சுருக்கிச் சொல்ல, அவர் ஒரு புதுப் பலகையில் குறி போட்டுத் துளைத்தார். பலகையை இடது பக்கம் பொருத்திச் சட்டத்தை இறக்கினார்.

"உக்காந்துட்டு," என்றார்.

ஐந்து சட்டமும் உட்கார்ந்தது. அவர் இரண்டு பக்கத்துத் துளைகளையும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது ரெண்டு பேரு தச்சதும்மா. வலப்பக்கத்துக்காரன் நெருக்கித் தச்சிருக்கான். இடப்பக்கத்துக்காரன் அகட்டித் தச்சிருக்கான். எங்கண்ணன் போடுத துளையும் நான் போடுத துளையும் இப்படித்தான், ஒண்ணு போல இருக்காது. அவங்க என்ன, படம் வச்சா செஞ்சாங்க? எல்லாம் கண்ணளவுதான்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த நிமிஷமே, என் வேலை போகப்போகிறது என்பது உறைத்தது. தச்சர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"இதுக்கு ஏன் பயப்படுதிய? சட்டத்துல இடப்பக்கத்துத் துளைய மட்டும் அரக்கும் மரத்தூளும் வச்சு அடைச்சிட்டு, ஒங்க படத்துக்குத் தக்கன வேற துளை போட்டுடுதேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள போன பொறவு எவன் பாக்கப் போறான்?"

"சரி, அப்படியே பண்ணிடுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ரயில் பாலம் வரைக்கும்தான் போக முடிந்தது. என் மேலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அசல் படகு அடுப்பில் எரிந்துவிட்டது. அகட்டித் தைத்த அந்த ஆள் ஒருவன் இருந்தான் என்பதற்கு இனி நோட்டும் நானும்தான் சாட்சி. நானும் வாயை மூடிக்கொண்டால் அவன் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். திரும்பி நடந்தேன். தச்சர் அரக்கை அடுப்பில் வைத்திருந்தார்.

"அடைக்காதேங்கோ. நாளைக்கு ஆபீஸ்லே சொல்லிடறேன்."

"வேலை போயிட்டுன்னா?"

"போனா போகட்டும்," என்றேன்.

மறுநாள் காலை தலைமையாளர் மேஜையில் நோட்டை விரித்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பக்கங்களை நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், ஓவர்சியர்தான் தப்பு என்று நினைத்தேன் என்றேன். அவர் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "நானும் பார்த்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்," என்றார். முழுப் படகையும் வரைய எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் என்றேன். வேலையைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, எனக்கும் கேட்கத் துணிவில்லை.

அந்த வாரம் இடது பக்கத்தின் ஒவ்வொரு துளையையும் அதனதன் இடத்தில் வைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவ்வளவு சந்தோஷமாக வேறெதையும் வரைந்ததாக நினைவில்லை. சனிக்கிழமை படத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன்.

எங்கள் படங்களின் கீழ் மூலையில் மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், நகல் எடுத்தவர், சரிபார்த்தவர். பழைய படத்தில் முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் அவரே கையெழுத்திட்டிருந்தார். நடுக்கட்டம் டிரேசருக்கு உரியது. வழக்கம்போல் இந்த முறையும் அதில் என் முதலெழுத்துகளைப் போட்டிருந்தேன். அவர் படத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்து, நடுக்கட்டத்தில் இருந்த என் எழுத்துகளைச் சுரண்டத் தொடங்கினார். தீர்ந்தது கதை, பாலக்காட்டுக்குப் பதில் எழுதச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் தூளை ஊதிவிட்டு, விரலை முதல் கட்டத்தில் வைத்தார்.

"இங்கே போடு. முழுப் பெயரையும் எழுது."

எங்கள் ஆபீஸில் அந்தக் கட்டத்தில் பெயர் எழுதியவர்களில் ஒருவர்கூடத் தற்காலிகம் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, துணியில் மை கொட்டாமல், என் பெயரை எழுதினேன்.