குழாயடி விசாரணை

முப்பத்து மூன்று வருட அரசுப் பணியில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட வேலை ஒன்றுதான்: ஒரு காரியம் கெட்டால் அதற்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடித்து, அது நான் இல்லை என்று எழுதுவது. கோயம்புத்தூரில் நான் கண்காணிப்பாளராக இருந்த அலுவலகத்தில் ‘பதினேழு பி’ என்றால் எல்லோருக்கும் பயம். பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. அதை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதக்கூடியவன் என்று எனக்குப் பெயர். அதைப் புகழ் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், என் மனைவி துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பையன் வெளியூர் விடுதியில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

விழுந்ததற்குக் காரணம் பாசி. பாசிக்குக் காரணம் சொட்டிக்கொண்டே இருந்த குழாய். சிறுவாணித் தண்ணீர் இப்படி வீணாகிறதே என்று தீபாவளிக்கே சொன்னாள். பொங்கலுக்குச் சொன்னாள். விழுவதற்கு முந்தின வாரமும் சொன்னாள். மூன்று முறையும் “பாக்கலாம்” என்றேன். ஒரு வாஷர் மாற்றினால் தீர்ந்திருக்கும். ஆனால் பிளம்பரைக் கூப்பிட்டால் எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும். ஆகவே கோப்பு நிலுவையில் இருந்தது.

ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர்கள், “எப்படிங்க ஆச்சு?” என்று என்னைத்தான் கேட்டார்கள். அடிபட்டவளைக் கேட்கும் வழக்கம் இல்லை.

“பாத்து நடக்கோணுமில்லைங்க,” என்றேன். ஏழெட்டுப் பேரிடம் இதே வாசகம். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பாள்.

என் சமையலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “கசாயம் யாருக்குங்க?” என்றாள்.

தலை சீவுவதுதான் பெரும்பாடு. மூன்று நாள் எதிர்வீட்டுக்குப் போய்ச் சடை பின்னிக்கொண்டு வந்தாள். நான்காம் நாள் போகவில்லை. “தெனமும் போயித் தலைய நீட்டிட்டு ஒக்காரறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க,” என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில், கோப்பு கட்டும் நாடா மூன்றை மேசை இழுப்பறையின் பிடியில் கட்டிப் பின்னிப் பழகினேன். விதிமுறை எளிதுதான். விரல்களுக்குத்தான் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. கையெழுத்து வாங்க வந்த தட்டச்சர் அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “நடுவுல இருக்கறத லூசா உட்டுட்டீங்க சார்,” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பதினேழு பி எழுதுகிறவனை யார் கேட்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவந்து அவளை அழைத்துப்போவதாக அவளுடைய அண்ணன் அன்னூரிலிருந்து போன் செய்தார். உடம்பு முடியாத பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்து நடைமுறை. புருஷனுக்குச் சிரமம் இருக்காது. எனக்கு உள்ளூர நிம்மதிதான். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஞாயிறு காலை அவளுக்கு முதல்முதலாகச் சடை போட்டேன். முடிந்ததும் திரும்பாமலே கேட்டாள்.

“அண்ணங்கிட்டயும் அதேதான் சொல்லப் போறீங்களா?”

“எதை?”

“பாத்து நடக்கலைன்னு. எனக்குப் போக இஷ்டமில்லீங்க. அப்படியே போனாலும் என் தப்புன்னு சொல்லி அனுப்பாதீங்க. ஒன்றரை மாசம் அண்ணி வாயில அதைக் கேட்டுட்டு ஒக்கார முடியாது.”

ஒரு வாரமாகச் சாட்சி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். விசாரணை நிபுணன் வாக்குமூலம் வாங்கவில்லை.

மச்சான் வந்து உட்கார்ந்ததும், “எப்படிங்க மாப்பிள்ளை ஆச்சு?” என்றார். என் வாய் பழக்கத்தில் “பாத்து” என்று தொடங்கிவிட்டது. நிறுத்தினேன்.

“குழாய் ஒழுகிப் பாசி புடிச்சிருந்ததுங்க மச்சான். மூணு தடவை சொன்னா. நாந்தான் கண்டுக்கலை. என் தப்புங்க.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அது திட்டத்தில் இல்லை.

மச்சான் என்னைக் காப்பாற்ற விரைந்தார். “அட உடுங்க. ஆம்பளைக்கு ஆயிரம் சோலி இருக்கும்.”

“சோலியெல்லாம் இல்லைங்க. பேப்பர் படிச்சிட்டிருந்தேன்.”

அவர் சீலிங் ஃபேனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கையிடம் திரும்பினார். “நீ என்னம்மணி சொல்றே? கெளம்பலாமா?”

“நான் வரலீங்ணா. இங்கயே இருந்துக்கறேன்.”

“சடை யாரு போட்டுவிட்டா?”

“அவருதானுங்ணா.”

“கோணலா இருக்குது.”

“தெரியுங்ணா,” என்றாள். அவிழ்க்கவில்லை.

மச்சான் போனதும் வீரம் மிகுந்து கடைக்குப் போனேன். வாஷரும் ஸ்பானரும் வாங்கிவந்து நானே மாற்றினேன். குழாய் முன்பைவிட அதிகமாகச் சொட்டியது.

“பிளம்பரைக் கூப்பிடுங்க,” என்றாள். அன்றே கூப்பிட்டேன். அவர் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, “இதை யாருங்க இப்படி மாட்டுனது?” என்று கேட்டார்.

“நாந்தானுங்க,” என்றேன்.