மூன்றாவது வீட்டு வாசல்

மலாய் நாட்டின் காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிகளின் பழைய வீடுகளில் சுதந்திர தின விருந்து. வீட்டுக்கு ஒரு பதார்த்தமாக நடந்து நடந்து சாப்பிட வேண்டும். வெளியூர்ப் பெரியவனான நான் முதலில் நுழைந்தால்தான் மற்றவர்கள் நுழைவார்கள். இதெல்லாம் தெரியாமல் முதல் வீட்டிலேயே வயிற்றை நிரப்பிவிட்டேன். இரண்டாம் வீட்டில் மீன் சோற்றைப் பார்த்ததும் எரிச்சல் வருகிறது.

"ஒரே வீட்டில் போட்டுத் தொலைத்தால் என்ன?"

"பலகாரத்தையெல்லாம் காலி பண்ணிட்டு எங்கள ஏசுறீங்களே ஐயா! சாபார் லா," என்று என்னை அழைத்துவந்த, கணக்கு எழுதும் கிராணி பொறுமை சொல்கிறார். "அடுத்தது ஒரு விதவை அக்கா வீடு. புருஷன் செத்ததுலேருந்து அங்க யாரும் கை நனைக்கல. நீங்க நுழைஞ்சாதான் உண்டு."

வயிற்றுவலி என்று பொய் சொல்லி எழுகிறேன். எழுதவே கூசுகிறது.

மூன்றாவது வீட்டில் அந்த விதவைப் பெண் கதவை அகலத் திறந்து, "மாசுக், மாசுக்," என்று மலாயில் உள்ளே அழைக்கிறாள். நான் தலையைக் குனிந்து கடந்து போகிறேன். என் பின்னால் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.