காலி அட்டையோடு கீழே போன இருமல்

எங்கள் புதூர்நாட்டு மலையில் மாத்திரை தீர்ந்தால் காலி அட்டையை ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புவோம். கீழே மருந்துக் கடைக்காரர் அதே மாத்திரையைக் கொடுத்தனுப்புவார். உடம்புத் தொந்தரவையும் டிரைவர்தான் அவரிடம் சொல்வார்.

இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு வறட்டு இருமல். சொல்லியனுப்பியதற்கு இருமல் மருந்து வந்தது. நான் பார்மசி படித்து வெளியூரில் வேலை பார்ப்பவள். விடுமுறைக்கு வந்ததும், மாத்திரைதான் காரணமோ என்று கடைக்காரரைப் போனில் கேட்டேன்.

"இன்னாம்மா, நீ டாக்டரா? நெட்ல எதையாவது படிச்சுக் காட்டியிருப்ப. பயத்துலயே இருமுறாங்க" என்று சிரித்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருமுறாங்களே, அப்போ யாருங்க படிச்சுக் காட்டுனது?"

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் டாக்டரிடம் போவதாக இருந்தோம். கிளம்புமுன், நான் தடுத்தும், "கடைக்காரரு நிறுத்தச் சொல்லலியேடி" என்று அம்மா காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் உதடும் நாக்கும் வீங்கிப் பேச்சே குழறியது. ஜீப்பில் திருப்பத்தூருக்கு ஓடினோம். இருமலும் வீக்கமும் அந்த மாத்திரையால் வந்தவைதான், தாமதித்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்றார் டாக்டர்.

பயத்தாலும் சிலருக்குத் தொந்தரவு வரும், மறுக்கவில்லை. விசாரிக்காமல் அதை எப்படி முடிவு செய்வது?

இப்போது எங்கள் வீட்டுக் காலி அட்டை கீழே போவதில்லை. அம்மாவே டாக்டரைப் பார்க்கப் போகிறார். என்னிடம் யார் தொந்தரவு சொன்னாலும் மூன்று கேட்கிறேன்: எந்த மாத்திரை, எப்போதிலிருந்து, அதற்கு முன் இருந்ததா? இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் சிரித்தவரின் கடைப் படியை நாங்கள் மிதிப்பதில்லை.