பீச்சாங்கைக்கு ஒரு போல்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பிழை பொறுக்க வேண்டும்.

அப்போது எங்கள் குடும்பம் ராயப்பேட்டையில் இருந்தது. அத்தா, அதாவது என் அப்பா, மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் வேலை பார்த்தார். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் நேராகக் கடைக்குப் போய்விடுவோம்.

தம்பிக்குப் பீச்சாங்கைப் பழக்கம். எதை எடுத்தாலும் இடது கைதான் முதலில் போகும். எழுதினால் வாத்தியார் அடிப்பார், குர்ஆன் ஓதும்போது அந்தக் கையால் பக்கம் புரட்டினால் ஹஜ்ரத் அடிப்பார். சாப்பிடும் நேரத்தில் அம்மா ஒரு துணியால் அவன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். அவன் வலது கையால் சோற்றைத் துரத்தித் துரத்திச் சாப்பிடுவான். பாதி பாயில் கிடக்கும். நான் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு எழுந்திருப்பேன். எனக்கென்று பெருமைப்பட அது ஒன்றுதான் இருந்தது.

அந்த வருஷம் ஆழ்வார்பேட்டை பங்களாவில் இருந்த ஒரு ஜமீன் வீட்டுச் சின்னதுரை, தன் அளவுக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்யச் சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார். அவருக்கும் பீச்சாங்கை. ஜமீன் வீட்டில் யாரும் துணி கிழித்துக் கட்டவில்லை போலிருக்கிறது.

துப்பாக்கி செய்வது என்றால் குழலையும் தோளில் வைக்கிற மரக்கட்டையையும் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். அத்தாவுக்கு முதல் கவலை ஆக்‌ஷன். குழலுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கூடு அது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் அதற்குள்தான் ஓடும். போல்ட்டின் பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளி அமுக்கினால் புதுத் தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும். பழைய துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய இரண்டு ஆக்‌ஷன்கள் மேஜைமேல் இருந்தன. ஒன்று ஜெர்மன், ஒன்று இங்கிலீஷ். ஜெர்மன்காரனுடையது பார்க்க நகை மாதிரி இருக்கும். அத்தாவின் மனது அதன் மேல்தான். அதில் பிடியைத் தூக்கும்போதே உள்ளே ஸ்பிரிங் இறுகும், அதனால் தூக்குவது பாரம், தள்ளுவது லேசு. இங்கிலீஷ்காரனுடையதில் தூக்குவது லேசு, தள்ளும்போதுதான் ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும்.

சோத்தாங்கைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிடி இருப்பது வலப்பக்கம். இடது தோளில் வைத்துச் சுடுகிறவர், இடது கையைத் துப்பாக்கிக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கத்துப் பிடியைப் பிடிக்க வேண்டும். அடிபட்ட பன்றி திரும்பி வரும்போது இதைச் செய்ய வேண்டும். அத்தா தன் இடது கையால் செய்து பார்த்தார். கை தடுமாறியது. சலித்துப்போய் நிமிர்ந்தவர் கண்ணில், மூலையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த தம்பி பட்டான்.

"டேய், இங்க வா. அந்தப் பீச்சாங்கைய காட்டு."

தம்பி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அடிதான் விழப்போகிறது என்று நானும் நினைத்தேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன்.

அத்தா அடிக்கவில்லை. ஒரு பழைய கட்டையில் ஜெர்மன் ஆக்‌ஷனைப் பொருத்தி, அவனை ஒரு பெட்டிமேல் ஏற்றி, கட்டையைத் தோளில் வைத்துக் கொடுத்தார். பிடியைத் தூக்கியதும் கட்டை தோளைவிட்டு நழுவியது. எத்தனை தடவை செய்தாலும் அப்படியே. பிறகு இங்கிலீஷ் ஆக்‌ஷனை மாற்றினார். தம்பி இரண்டு விரலால் தூக்கினான், இழுத்தான், உள்ளங்கையின் அடியால் ஒரே தள்ளு. கட்டை தோளில் அப்படியே நின்றது. அத்தா அந்த ஜெர்மன் நகையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதுதான். அத்தா அரத்தால் கொஞ்சம் ராவுவார், எண்ணெய் போடுவார், தம்பியைக் கூப்பிடுவார்.

"இப்ப எப்டி கீது?"

"கடைசில கொஞ்சம் கரகரங்குது அத்தா."

"எங்க, இங்கயா?"

என்னிடம் அத்தா ஒரு நாளும் எதையும் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. தம்பிக்குத் தினம் ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அவன் அதைப் பிட்டு எனக்குப் பெரிய பாதியைத் தருவான். வாங்கித் தின்றுவிட்டு இன்னும் எரிவேன்.

எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் கிட்டத்தட்ட அந்தப் போல்ட் மாதிரியேதான் வேலை செய்யும். உள்ளே போய் இடது கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கிப் பழகினேன். வெளியே பக்கத்துக் குடித்தனக்காரர் வாளியோடு நிற்பார். "உள்ள இன்னாடா பண்றே, கொல்லுப் பட்டறையா வச்சிகினுகீறே?"

சின்னதுரை திரும்பி வந்தார். முடிந்த துப்பாக்கியை இடது தோளில் வைத்துத் திறந்து மூடிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஞாயிற்றுக்கிழமை கிண்டிக்கு அந்தப் பக்கம் போய்ச் சுட்டுப் பார்ப்போம். என் காரிலேயே வாருங்கள். அந்த இடதுகைப் பையனையும் கூட்டி வாருங்கள்" என்றார்.

நான் அதுவரை காரில் ஏறினதில்லை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "நானும் பீச்சாங்கைதான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அத்தா என்னைப் பார்த்தார். பழைய கட்டையை என்னிடம் கொடுத்தார். தாழ்ப்பாள் கைகொடுத்தது. தூக்கினேன், இழுத்தேன், தள்ளினேன். துரை, "பேஷ், இவனும் அப்படித்தானா!" என்றார். கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்ட அத்தா, மேஜைமேல் கிடந்த ஒரு காலித் தோட்டாவை எடுத்துச் சட்டென்று என் பக்கம் வீசினார். பிடித்துவிட்டேன். வலது கையால்.

பின்கட்டே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனார்கள். தம்பி சாயங்காலம் திரும்பி வந்து, துரை தனக்கு இடது கையால் கை கொடுத்தார் என்றான். அந்தக் கையை மூடியே வைத்திருந்தான். "மோந்து பாரு அண்ணே, வெடிமருந்து வாசனை" என்று நீட்டினான். நாத்தம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நல்ல வாசனைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் மாமா வீட்டில் விருந்து. எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அதைச் சகன் என்போம். எங்கள் தட்டில் அத்தா, மாமா, மாமாவின் சம்பந்தி, நான், தம்பி. விருந்து வீடு என்பதால் தம்பிக்குக் கட்டுப் போடவில்லை. அவனே இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்ததும் நான் எல்லாரும் பார்க்கும்படி என் இடது கையைத் தட்டில் வைத்தேன்.

அத்தா பார்க்க வேண்டும் என்று வைத்தேன். சம்பந்தி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். மாமா அத்தாவைப் பார்த்து, "இன்னா மச்சான், ஊட்ல இன்னும் எத்தினி பேருக்கு இது கீது?" என்றார். அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு பழைய வெள்ளைப் புடவையைக் கிழித்தாள். ஒரு துண்டால் தம்பியின் இடது கையைக் கட்டினாள். இன்னொன்றால் என் இடது கையைக் கட்டினாள். இரண்டு பேர் முன்னாலும் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

என் கையிலும் கட்டு! நான் அதைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேன். தம்பி சோற்றைத் தொடாமல் என் பக்கம் நகர்ந்து வந்தான். "உனக்கு இன்னாத்துக்குண்ணே? நீ சோத்தாங்கைதானே" என்று என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். இடது கையாக இருந்தால் ஒரு நொடியில் அவிழ்த்திருப்பான். அதுதான் கட்டிக் கிடந்ததே. வலது கை விரல்கள் முடிச்சின்மேல் வழுக்கி வழுக்கிப் போயின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

ஒரு வழியாக அவனுக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒரு பருக்கை சிந்தாமல், வயிறாரச் சாப்பிட்டேன்.

1966 மார்ச் 14, திங்கட்கிழமை.