நாலாம் நம்பர் யார் என்று கேட்கிறார்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆரோக்கியமேரி மேடத்தின் தம்பி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பேசினார். "அக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலின்னு சொன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்குத் துக்கத்துக்கு முன் பயம் வந்தது. அந்தப் பன்னிரண்டு எண்களுக்கு உரிய பெயர்கள் தெரிந்த ஆள் இனி நான் மட்டும்தான் என்று நினைத்தேன். இதற்காக அவர் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் கல்லூரியில் பாலிமர் பாடம் நடத்தியவர். எனக்கு அவர் பழக்கமானது, நிலக்கரிச் சுரங்கத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு. கார்பன் கலந்த மெல்லிய பாலிமர்த் தாளில் அவர் ஒரு வெப்ப உணரி செய்திருந்தார். தோலில் ஒட்டினால் உடம்போடு வளையும். உடம்புச் சூட்டைக் கம்பியில்லாமல் கைபேசிக்கு அனுப்பும். ஒவ்வொன்றையும் நான் வெந்நீர்த் தொட்டியில் வைத்துப் பாதரச வெப்பமானியோடு ஒப்பிடுவேன். மூன்று முறை பார்த்தும் மனம் ஆறாமல் நான்காம் முறை வைப்பேன். "தண்ணிக்கே ஜுரம் வந்துடும் சார், விடுங்க" என்பார்.

கத்திரி வெயிலில், கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரும் ஒப்பந்தத் தொழிலாளர் பன்னிரண்டு பேருக்கு அதை ஒட்டினோம். அவர்கள் ஸ்டிக்கர் என்றார்கள். சூடு எல்லை தாண்டினால் மேற்பார்வையாளரின் கைபேசி அந்த ஆளின் பெயரைக் காட்டி ஒலிக்கும். அவர் நிழலில் உட்கார வேண்டும். ஒருவருடைய அளவு மட்டும் மூன்று நாளாக ஏறவே இல்லை. என் சரிபார்ப்பில்தான் பிழை என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினார். ஸ்டிக்கர் அந்த ஆளின் தண்ணீர்க் கேனில் ஒட்டியிருந்தது.

"உங்க கேனு நல்லாத்தாங்க இருக்குது. நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார் மேடம். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. "அடிச்சா பேரு தெரிஞ்சிடும் மேடம். அடிக்கடி உக்காந்துகினு இருக்கிற ஆளுன்னு காண்ட்ராக்டர் நிறுத்திடுவாரு. வெயிலத் தாங்கிக்கலாம்."

அன்று மதியம் அவர் கரிக்குவியல் மேலேயே விழுந்தார். பிடித்துத் தூக்கிய என் கைகளுக்கு அந்த உடம்பின் சூடு இன்னும் மறக்கவில்லை. பிழைத்துக்கொண்டார்.

மறுநாளே மேடம் பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார். கைபேசி அந்த எண்ணைக்கூடக் காட்டாது, ஒலிக்க மட்டும் செய்யும். "ஒருத்தருக்கு அடிச்சா எல்லாரும் உக்காரணும்" என்றார். முதல் தடவை ஒலித்தபோது பன்னிரண்டு பேரும் நிழலுக்கு வந்தார்கள். "எவன்டா அது, டீ நேரம் பாத்து அடிச்சவன்?" என்று ஒருவர் கேட்க, எல்லாருமே நான்தான் என்று தம் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்கள்.

எந்த எண் யாருடையது என்ற தாளை, மருத்துவர் கேட்டால் வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். "நான் கோவத்துல உளறிடுவேன். நீங்க பயந்த ஆளு சார், உங்ககிட்டதான் பத்திரமா இருக்கும்."

பயந்தவனைப் பற்றி அவர் போட்ட கணக்கு தப்பு. அடக்கம் முடிந்த மறுநாள் காண்ட்ராக்டரின் ஆள் மந்தாரக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தார். கையில், எந்த எண்ணுக்கு எத்தனை முறை அடித்தது என்று கல்லூரி கொடுத்த அறிக்கை. "நாலாம் நம்பருதான் ரொம்ப அடிச்சிருக்குது. அது யாருங்க அய்யா? சும்மா தெரிஞ்சிக்கத்தான்." பிறகு, "உங்க புள்ளயும் நம்மகிட்டதான வேல பாக்குறாரு" என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவார்.

அதனால்தான் சனிக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்க இதை எழுதுகிறேன். தாளை இன்று காலை கிழித்து அடுப்பில் போட்டேன். ஆனால் நான் எதையும் நான்கு முறை பார்க்கிறவன். பன்னிரண்டு எண்களுக்கு உரிய பெயர்களும் எனக்கு மனப்பாடம். மேரி மேடம் என்னிடம் விட்டுப்போனது அவைதான். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். தனியாக இருந்தால் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் வர வேண்டாம். கல்லூரி நண்பர்கள் யாராவது ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.